ஐந்து எண்களும் ஒரு வீட்டுக் கொப்பியும்

செய்தியில் மாதக் கடைசியில் வாசிக்கப்படும் பணவீக்க எண் பம்பலப்பிட்டிவாசிகளுக்கு மிக நெருக்கமானது. அது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் இருந்து வருகிறது. கொழும்பு மாவட்டத்தின் நகரக் குடும்பங்கள் என்னென்ன வாங்குகின்றன, எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதை வைத்தே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் அதைக் கணக்கிடுகிறது. வெள்ளவத்தையில் மரக்கறி வாங்கி, காலி வீதியில் பஸ் ஏறி, மாதாமாதம் மின்கட்டணம் கட்டும் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள்தான் அதன் அளவுகோல். அந்த எண்ணை வாசிக்கத் தெரியாமல் இருந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

அந்த நட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை 2022 காட்டியது. ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். வாழ்நாள் சேமிப்பு பாதிப் பெறுமதிக்கு இறங்கியதைப் பல குடும்பங்கள் கண்முன்னே கண்டன. ஆனால் அந்த வருடம் திடீரென்று வந்து விழவில்லை. அதற்கான தடயங்கள் அதற்கு முன்பே மாதாமாதம் எல்லோரும் பார்க்கக்கூடிய விதமாக வெளியாகிக்கொண்டிருந்தன.

இந்த அத்தியாயத்தின் நோக்கம் அந்தத் தடயங்களை நீங்களே வாசிக்கப் பழகுவது. முடிக்கும்போது உங்களால் மூன்று வேலைகள் செய்ய முடியும்: உங்கள் வீட்டின் பணவீக்கத்தைக் கணக்கிடலாம், ஒரு வட்டி வீதம் உண்மையில் லாபமா நட்டமா என்று சொல்லலாம், விலையேற்றம் வருமுன் அதன் அறிகுறியைக் கண்டுகொள்ளலாம்.

## கோட்பாடு: இவ்வளவு போதும்

பேரினப் பொருளியல் பெரிய பாடம். வீட்டுக்கு வேண்டியது நான்கு தொடர்புகள்.

1. விற்பதற்கு இருக்கும் பொருளைவிட வேகமாகக் காசு பெருகினால் விலைகள் ஏறும்.
2. நாட்டுக்குள் வரும் டொலரைவிட வெளியே போகும் டொலர் கூடினால் ரூபாவின் பெறுமதி இறங்கும். இறக்குமதிப் பொருள் விலை ஏறும்.
3. விலையேற்றத்தை அடக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்டும். கடன் வாங்குவது குறையும், செலவு குறையும், விலை தணியும்.
4. அரசின் வரவைவிடச் செலவு கூடினால் அது கடன் வாங்கும் அல்லது வரியைக் கூட்டும். இரண்டும் கடைசியில் உங்கள் செலவுக் கணக்கில் வந்து நிற்கும்.

## தேவையானவை

- 80 பக்கக் கொப்பி ஒன்று, பேனை, கல்குலேட்டர்.
- கடந்த இரண்டு மூன்று மாதத்துப் பில்கள்: கடை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி.
- நிலையான வைப்புச் சான்றிதழ், கடன் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள்.
- மத்திய வங்கி இணையத்தளத்தின் தமிழ்ப் பக்கம். நாணயக் கொள்கை அறிக்கைகள் அங்கே தமிழிலும் வெளியாகின்றன.

கணினி கட்டாயமில்லை. கையால் எழுதினால் எண்கள் மனதில் தங்கும்.

## படி 1: உங்கள் வீட்டுச் சுட்டெண்ணைக் கட்டுங்கள்

1. மாதந்தோறும் தவறாமல் செலவாகும் 20 பொருள், சேவைகளை எழுதுங்கள். அரிசி, பருப்பு, தேங்காய், பால்மா, மீன், பாண், காஸ் சிலிண்டர் இவற்றோடு வீட்டு வாடகை, மின்சாரம், பஸ் கட்டணம், பிள்ளைகளின் ரியூஷன் காசு, மருந்து ஆகியவற்றையும் சேருங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் மாத அளவை நிலையாகக் குறியுங்கள். அரிசி 15 கிலோ என்றால் அடுத்த வருடமும் 15 கிலோதான்.
3. ஒரே கடை, ஒரே தரம், மாதத்தின் அதே வாரம் என்று வைத்து விலை எழுதுங்கள்.
4. அளவை விலையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள்.
5. அடுத்த வருடம் அதே மாதத்தில் இதையே செய்து, கூடிய தொகையைப் பழைய தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: போன வருடக் கூட்டுத்தொகை 62,000 ரூபா, இந்த வருடம் 66,340 ரூபா. வித்தியாசம் 4,340. அதை 62,000ஆல் வகுத்தால் 0.07. உங்கள் வீட்டுப் பணவீக்கம் 7 சதவீதம்.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். இறக்குமதி என்றால் "டொ": பருப்பு, சீனி, பால்மா, கோதுமை மா, பெற்றோல், காஸ். உள்ளூர் விளைச்சல் என்றால் "உ": அரிசி, தேங்காய், மரக்கறி, மீன். கட்டணத்தை அரசோ ஆணைக்குழுவோ தீர்மானித்தால் "அ": மின்சாரம், தண்ணீர், பஸ். இந்த மூன்று எழுத்துகளும் பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் தேவைப்படும்.

வழக்கமான தவறு: பைக்கற்றின் விலையை மட்டும் எழுதி நிறையை விட்டுவிடுவது. விலை அப்படியே இருக்க உள்ளே இருக்கும் கிராம் குறைந்தால் அதுவும் விலையேற்றம்தான். கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றி எழுதுங்கள்.

குறிப்பு: உங்கள் எண் அரசின் எண்ணோடு பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று பிழை என்று முடிவெடுக்காதீர்கள். கொழும்புச் சுட்டெண்ணில் உணவுக்குரிய பங்கு ஏறக்குறையக் கால்பங்குதான். உங்கள் வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்குப் போகிறதென்றால், உணவு விலை ஏறும் மாதங்களில் உங்கள் பணவீக்கம் அரசின் எண்ணைவிட உயரவே செய்யும்.

## படி 2: முதலாவது எண் – பணவீக்கம்

கொழும்புச் சுட்டெண் மாதக் கடைசியில் வெளியாகும். முழு நாட்டுக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் அடுத்த மாதம் 21ஆம் திகதியளவில் வரும். வாசிக்கும் ஒழுங்கு இது:

1. "ஆண்டுக்கு ஆண்டு" மாற்றத்தை எடுங்கள். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்ட எண் அது.
2. உணவு, உணவல்லாதவை என்று பிரித்துத் தரப்படும் இரண்டு எண்களையும் தனித்தனியே குறியுங்கள்.
3. முந்திய மூன்று மாத எண்களைப் பக்கத்தில் எழுதி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறி போடுங்கள்.
4. 5 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். மத்திய வங்கி எட்ட வேண்டிய இலக்கு அதுதான். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தின்படி, இலக்கில் இருந்து பணவீக்கம் இரண்டு புள்ளிக்கு மேல் விலகித் தொடர்ந்து இரண்டு காலாண்டு நின்றால், ஏன் என்று பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு.

வழக்கமான தவறு 1: பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்று எதிர்பார்ப்பது. மாடிப்படியில் மெதுவாக ஏறுகிறவரும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவுக்குக் கிடைத்த 12.5 கிலோ லிட்ரோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. 2025இல் அது 3,690 ரூபா. பழைய விலைக்குத் திரும்பவில்லை. சம்பளம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள். "பணவீக்கம் குறைந்துவிட்டதே, ஏன் சம்பளம் கூட்ட வேண்டும்?" என்று கேட்டால், 2021இல் இருந்து விலைமட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதே சரியான பதில்.

வழக்கமான தவறு 2: ஒரு பொருளின் விலையைப் பணவீக்கம் என்று எடுத்துக்கொள்வது. 2025 பெப்ரவரியில் கொழும்புச் சுட்டெண் போன வருடத்தைவிட 4.2 சதவீதம் கீழே இருந்தது. அந்தக் காலத்தில்தான் தேங்காய் 200 ரூபாவைத் தொட்டது. இரண்டும் உண்மை. விளைச்சல் குறைந்ததால் தேங்காய் ஏறியது. மின்கட்டணமும் எரிபொருளும் இறங்கியதால் மொத்தக் கூடை மலிந்தது. "உ" பொருள் ஏறினால் மழையையும் விளைச்சலையும் பாருங்கள். "டொ" பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஏறினால் ரூபாவைப் பாருங்கள்.

## படி 3: இரண்டாவது, மூன்றாவது எண்கள் – டொலர் ஒதுக்கும் நாணய மாற்று வீதமும்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: பணவீக்க எண் கடந்த ஆண்டைப் பேசும்; நீங்கள் எடுக்கும் முடிவோ வரும் ஆண்டைப் பற்றியது. இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்ப முன்னோக்கும் எண் வேண்டும். இலங்கையைப் போல எரிபொருள், மருந்து, கோதுமை, பருப்பு எல்லாம் இறக்குமதி செய்யும் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது டொலர் ஒதுக்கு, அதாவது மத்திய வங்கி கையில் வைத்திருக்கும் வெளிநாட்டு நாணயம்.

2021 செப்டெம்பரில் பணவீக்கம் 5.7 சதவீதம்தான். செய்தி கேட்டவருக்குக் கவலைப்பட ஒன்றும் தெரிந்திருக்காது. ஒதுக்கைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த உத்தியோகபூர்வ ஒதுக்கு 2020 இறுதியில் 570 கோடி, 2021 இறுதியில் 310 கோடி என்று இறங்கிக்கொண்டே போனது. அந்தத் தொகையிலும் ஒரு பெரிய பகுதி நினைத்தபடி செலவழிக்க முடியாத சீன நாணயப் பரிமாற்று வசதி. ஒதுக்கு கரைந்துகொண்டிருக்க, டொலர் மட்டும் 200 ரூபாவுக்கு அருகில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 அன்று அந்தப் பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவுக்கு அருகில் போய்விட்டது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபா.

வாசிக்கும் ஒழுங்கு:

1. மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் ஒதுக்கின் தொகையைக் குறியுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து இறங்கினால் சிவப்புக் கோடு போடுங்கள்.
2. டொலர் விலையை வாரம் ஒருமுறை, ஒரே வங்கியின் விற்பனை வீதத்தில் எழுதுங்கள். நாளாந்த ஏற்ற இறக்கத்தைத் துரத்த வேண்டாம்.
3. ஒதுக்கு இறங்கும்போது டொலர் அசையாமல் நின்றால் அதை நிம்மதி என்று எடுக்காதீர்கள். அழுத்தம் உள்ளே சேர்கிறது என்பதே அதன் அர்த்தம்.
4. உத்தியோகபூர்வ வீதத்துக்கும் வெளியே பேசப்படும் வீதத்துக்கும் பெரிய இடைவெளி வந்தால் அது இரண்டாவது அறிகுறி. இறக்குமதிப் பொருளுக்கு வரிசை வந்தால் மூன்றாவது.
5. டொலர் ஏறினால் உங்கள் "டொ" பொருள்களின் கூட்டுத்தொகையைத் தனியே எடுங்கள். அது 20,000 ரூபா என்றும் டொலர் 10 சதவீதம் ஏறியது என்றும் வைத்தால், அடுத்த சில மாதத்தில் 2,000 ரூபா வரை கூடுதல் செலவுக்குத் தயாராகலாம்.

வழக்கமான தவறு: டொலர் இறங்கிய மறுநாளே விலை இறங்கும் என்று பார்ப்பது. காலி வீதிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

"அண்ணை, டொலர் குறைஞ்சும் பருப்பு விலை ஏன் குறையேல்லை?"

"இது பழைய விலைக்கு எடுத்த சாமான் தங்கச்சி. புது லோட் வரட்டும்."

கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு மூன்று லோட் வந்த பிறகும் விலை அசையாவிட்டால் வேறு கடையில் விலை கேட்க வேண்டிய நேரம் அது. உங்கள் கொப்பி அதற்குச் சாட்சி.

## படி 4: நான்காவது எண் – வட்டி

மத்திய வங்கி ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாணயக் கொள்கையை மீளாய்வு செய்யும். 2024 நவம்பரில் இருந்து ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை எண்ணால் தன் நிலைப்பாட்டைச் சொல்கிறது. அப்போது அது 8 சதவீதம். 2025 மேயில் 7.75 சதவீதம். அந்த எண் அசைந்தால் வைப்பு வட்டியும் கடன் வட்டியும் சில வாரம், சில மாதம் பின்னால் அசையும்.

வைப்பு வட்டியை மதிப்பிடும் வரிசை:

1. வங்கி சொல்லும் வீதத்தை எழுதுங்கள். 10 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்று வைப்போம்: 80,000 ரூபா.
2. பிடித்துவைத்தல் வரியைக் கழியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதம்: 8,000 ரூபா. கையில் 72,000 ரூபா, அதாவது 7.2 சதவீதம்.
3. வரும் ஒரு வருடத்தில் எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழியுங்கள். மத்திய வங்கியின் இலக்கான 5ஐ எடுத்தால் மிச்சம் ஏறக்குறைய 2 சதவீதம். அதுதான் உண்மை வட்டி.
4. மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போனால் அந்த வைப்பு உங்கள் காசைப் பாதுகாக்கவில்லை. மெதுவாகக் கரைக்கிறது.

மூன்றாவது வரியில் "வரும்" என்ற சொல்லைப் பலர் தவறவிடுகிறார்கள். அந்தத் தவறின் விலை என்ன என்பதை இரண்டு வருடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவை 6 சதவீதத்துக்கு ஒரு வருடம் வைப்பிலிட்ட ஒருவரை நினையுங்கள். பணவீக்கம் 5.7 என்பதால் சமாளிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். வருட முடிவில் கையில் 106,000 ரூபா. முன்பு ஒரு இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களின் விலையோ 169,800 ரூபா. பழைய கூடையில் ஐந்தில் மூன்று பங்கு சாமானைத்தான் அந்தக் காசால் வாங்க முடியும்.

2022 செப்டெம்பரில் நேர்மாறு. பணவீக்கம் 69.8 என்று கேட்டவர்கள் ரூபாவில் எதையும் வைக்கப் பயந்தார்கள். ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் (அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரம்) விளைவு வீதம் அப்போது 30 சதவீதத்துக்கு அருகில். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் விலைகள் ஏறியது வெறும் 1.3 சதவீதம். அந்த ஒரு வருடத்தில் 30 சதவீத வட்டியில் பெரும்பகுதி உண்மையான ஆதாயம். காரணம் அப்போதே தெரிந்தது: 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியிருந்தது. அவ்வளவு கடுமையான வட்டி விலையேற்றத்தை ஒருநாள் பிடித்து நிறுத்தும்.

ஆனால் அந்த 30 சதவீதம் இலவசம் அல்ல. உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்படுமா என்ற பயம் அப்போது நியாயமானது. 2023 ஜூன் இறுதியில் அறிவித்த மறுசீரமைப்பில் பொதுமக்களின் திறைசேரி உண்டியல்களும் வங்கி வைப்புகளும் தப்பின. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் மாட்டின. வழக்கத்தைவிட உயர்ந்த வட்டியைப் பார்த்தால், எந்த ஆபத்துக்காக இது தரப்படுகிறது என்று முதலில் கேளுங்கள்.

கடனுக்கு: ஒப்பந்தத்தில் வட்டி நிலையானதா மாறுவதா என்று தேடுங்கள். மாறும் வட்டி என்றால் பெரும்பாலும் மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி முதன்மைக் கடன் வீதத்தோடு கட்டப்பட்டிருக்கும். 2021 நடுப்பகுதியில் 6 சதவீத அளவில் இருந்த அந்த வீதம் 2022 இறுதியில் 25ஐத் தாண்டியது. கையெழுத்துப் போடுமுன் வட்டி இரண்டு மடங்கானால் மாதத் தவணை என்ன ஆகும் என்று வங்கி அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகை வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் கடனைச் சிறிதாக்குங்கள்.

## படி 5: ஐந்தாவது எண் – வரி

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி (வற்) 15இல் இருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்கள் பலர். அரசின் வரவு சரிந்தது. பள்ளத்தை நிரப்பக் கடனும் புதிய காசும் வந்தன. 2022 ஜூனில் வரி 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. முன்பு விலக்கில் இருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு போன்றவையும் அப்போது உள்ளே வந்தன. வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டால் அந்த வரவுக்கு மாற்று என்ன என்று வரவு செலவுத் திட்ட உரையில் தேடுங்கள். மாற்று சொல்லப்படாவிட்டால், சேமிக்க வேண்டிய காலம் அது.

பில்லைச் சரிபார்க்கும் முறை:

1. வரி உட்பட்ட விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்குங்கள். 2,360 ரூபாப் பில்லில் வரி 360 ரூபா.
2. வற் என்று தனியாக அறவிட்டால் பில்லில் கடையின் வற் பதிவிலக்கம் இருக்கிறதா பாருங்கள். பதிவு செய்யாத கடை அந்தப் பெயரில் காசு வாங்க முடியாது.

வழக்கமான தவறு: முழு விலையில் 18 சதவீதம் என்று கணக்குப் போடுவது. 2,360க்கு அப்படிப் போட்டால் 425 ரூபா வரும். அது பிழை.

## மாத ஒழுங்கு

- முதல் வாரம்: லிட்ரோ விலை அறிவிப்பு. படி 1இன் விலைகளைக் கடைகளில் சேகரியுங்கள்.
- முதல் பத்து நாள்: டொலர் ஒதுக்கு.
- ஏதாவதொரு புதன்கிழமை: திறைசேரி உண்டியல் ஏல முடிவு. 3, 6, 12 மாத வீதங்களை எழுதுங்கள். வங்கி வைப்பு வட்டி போகும் திசையை இவை முன்கூட்டியே காட்டும்.
- மாத நடுப்பகுதி: மின்கட்டணத் திருத்தம் பற்றிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அறிவித்ததா என்று பாருங்கள்.
- மாத முடிவு: கொழும்புச் சுட்டெண், அன்றிரவு எரிபொருள் விலைத் திருத்தம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி இந்தப் பட்டியலில் இல்லை. அது காலாண்டுக்கு ஒருமுறை, பிந்தியே வரும். வேலை மாறும்போதும் கடை திறக்கும்போதும் மட்டும் பாருங்கள். 2022, 2023 இரண்டு வருடமும் பொருளாதாரம் சுருங்கியது; 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. சுருங்கும் காலத்தில் இருக்கும் வேலையை விடுமுன் மற்ற வேலையின் நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

## எண்களை முடிவாக மாற்றுதல்

வைப்பின் காலம். கொள்கை வீதம் உச்சத்தில் நின்று பணவீக்கம் இறங்கத் தொடங்கினால் நீண்ட கால வைப்பு நல்லது. வட்டி அடிமட்டத்தில் இருந்து ஒதுக்கும் கரைந்தால் மூன்று மாத வைப்பில் நில்லுங்கள். எந்தக் காலத்திலும் முழுக் காசையும் ஒரே தவணையில் பூட்டாதீர்கள். மூன்றாகப் பிரித்து 3, 6, 12 மாதத்துக்கு வைத்தால் கணிப்புப் பிழைத்தாலும் ஒரு பங்கு கையில் வரும்.

வாடகை ஒப்பந்தம். பம்பலப்பிட்டியில் வீடு எடுக்கும்போது பெரிய முற்பணமும் வருடாந்தக் கூட்டலும் வழக்கம். பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது எழுதிய 10 சதவீத வருடாந்தக் கூட்டல், பணவீக்கம் 5க்குக் கீழே வந்த பிறகும் தொடர்ந்தால் உங்களுக்கு நட்டம். புதுப்பிக்கும்போது கொப்பியின் எண்களைக் காட்டிப் பேசுங்கள். நீங்கள் வீட்டுக்காரர் என்றாலும் இதே எண்கள் உதவும். நியாயமான கூட்டல் நல்ல குடியிருப்பாளரைத் தக்கவைக்கும்.

வெளிநாட்டில் இருந்து வரும் காசு. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் பணத்தில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ரூபாவாக்குங்கள். மிச்சத்தை வங்கியின் வெளிநாட்டு நாணயக் கணக்கில் விடலாமா என்று கேளுங்கள். ரூபா விழும் காலத்தில் அது உங்கள் குடை.

அடைவு நகை. தங்க விலை ஏறியதால் கூடுதல் முற்பணம் தருகிறார்கள் என்பதற்காகக் கூடுதலாக எடுக்காதீர்கள். தேவையான தொகையை மட்டும் எடுத்து, மீட்கும் திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

## பாதுகாப்பு

1. உரிமம் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கித் தளத்தில் இருக்கிறது. 2008 டிசம்பரில் விழுந்த கோல்டன் கீ நிறுவனத்துக்கு வைப்பு ஏற்கும் உரிமமே இருக்கவில்லை. கூடிய வட்டிக்காகப் பணம் வைத்தவர்கள் வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள்.
2. காப்பீட்டு எல்லையை அறியுங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான் வைப்புக் காப்புறுதி. அதற்கு மேல் இருந்தால் வெவ்வேறு நிறுவனங்களில் பிரியுங்கள்.
3. திறைசேரி உண்டியல் வாங்கினால் அது மத்திய வங்கியின் லங்காசெக்குயர் பதிவில் உங்கள் பெயரில் ஏறியதா என்று சரிபாருங்கள். விற்றவர் தரும் கடதாசி மட்டும் போதாது.
4. ஆள் சேர்த்தால் லாபம் என்ற திட்டத்தில் சேராதீர்கள். பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டப்படி குற்றம். அறிமுகப்படுத்துவது சொந்த மாமாவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
5. வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியல் முறையைத் தவிருங்கள். சில ரூபா கூடக் கிடைக்கலாம். காசு வராவிட்டால் முறையிட இடமில்லை. வரும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஆதாரமும் இல்லை.
6. பயத்தில் பதுக்காதீர்கள். மாடி வீட்டில் கானில் பெற்றோல் வைப்பது உங்கள் உயிருக்கும் அயலவர் உயிருக்கும் ஆபத்து. கெடாத பருப்பு, சீனி, அரிசி ஒரு மாதத்துக்கு மேலதிகமாக இருந்தால் போதும்.
7. ஒரு மாத எண்ணை வைத்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். மூன்று மாதம் ஒரே திசையில் போனால்தான் அது போக்கு. வட்ஸ்அப்பில் வரும் எண்ணை மூலத்தில் பார்க்கும்வரை கொப்பியில் ஏற்றாதீர்கள்.

## பயிற்சி

1. இந்த வாரமே படி 1இன் 20 பொருள்களுக்கு விலை சேகரியுங்கள். வெள்ளவத்தைச் சந்தை, பம்பலப்பிட்டியில் ஒரு சுப்பர் மார்க்கட், உங்கள் தெருக் கடை என்று மூன்று இடத்தில் எடுங்கள். மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் உள்ள புறக்கோட்டை விலையோடு ஒப்பிட்டு, எந்தப் பொருளில் வித்தியாசம் அதிகம் என்று குறியுங்கள்.
2. ஒரு வேலைநாளில் பம்பலப்பிட்டி நிலையத்தில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போங்கள். சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாணயமும் நோட்டும் எப்படி மாறின என்று அங்கே பார்த்தால் பணவீக்கத்தை அவர்களுக்கு விளக்குவது இலகு.
3. உங்கள் வைப்பு, கடன், வாடகை மூன்றுக்கும் உண்மை வட்டி, உண்மைக் கூட்டலைக் கணக்கிட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.
4. அடுத்த கொள்கை மீளாய்வுக்கு முதல்நாள், வட்டி ஏறுமா, இறங்குமா, நிற்குமா என்று காரணத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். முடிவு வந்தபின் மத்திய வங்கி சொன்ன காரணத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

நான்காவது பயிற்சியை ஒரு வருடம் விடாமல் செய்யுங்கள். ஆறு மீளாய்வு, ஆறு காரணம். முடிவைச் சரியாகச் சொன்னீர்களா என்பதைவிட, நீங்கள் எழுதிய காரணமும் வங்கி சொன்ன காரணமும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதே உங்கள் முன்னேற்றத்தின் அளவு. இரண்டு காரணமும் மூன்று முறை பொருந்தினால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.